கறுப்பைக் கழற்ற வந்த கை

ஒருரோ ஊர்ச் சந்தையில் நிகோலாசாவின் ஆப்பிக்கு அப்படியொரு பேர். விடியற்குளிரில் அந்த ஊதாச் சோளக் கஞ்சிக்காக ஜனம் மொய்க்கும். பானையில் சர்க்கரை போடுவதற்கு முன்பே தனக்கென்று ஒரு கோப்பை எடுத்து வைத்துக்கொள்வாள். மகன் ரெமி போனதிலிருந்து அவளுக்கு இனிப்பு கிடையாது.

ரெமி பஸ் கவிழ்ந்து செத்தான். அன்று காலை, "அஞ்சு நிமிஷம்மா" என்று போர்வையை இழுத்துக்கொண்டவன் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டவள் அவள்தான். வேலைக்குப் போகிற பிள்ளையை நேரத்துக்கு எழுப்புவதெல்லாம் ஒரு குற்றமா? ஊரில் ஒருத்தர் வாயிலிருந்தும் அப்படி ஒரு சொல் வரவில்லை. அவளேதான் தன்னைக் கூண்டில் ஏற்றி, தீர்ப்பும் எழுதிக்கொண்டாள்.

எங்கள் பக்கம் துக்கக் கறுப்பு ஒரு வருஷத்துக்குத்தான். வருஷம் திரும்பியதும் நெருங்கியவர் ஒருவர் வந்து, தன் கையால் கறுப்பைக் கழற்றி, வண்ணத்துணி உடுத்திவிட வேண்டும். துக்கப்பட்டவர் தானாகக் கழற்றுவது முறையில்லை. ரெமிக்கு ஞானத்தாயாக நின்றவள் பெத்ரோனா; அந்த உறவில் இருவரும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. அவள் அதற்காகவே பச்சைப் பாவாடை ஒன்று தைத்து எடுத்துவந்தாள். நிகோலாசா தன் கறுப்புச் சால்வையின் ஊசியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம், கொமாத்ரே."

அடுத்த வருஷமும் அதே பேச்சு. பெத்ரோனாவும் விடாக்கண்டி. வருஷம் தவறாமல் அதே பாவாடையோடு வந்து நின்றாள்.

ஒருநாள் கடையில் ஒருத்தி, அம்மாவைச் சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விட்டுவிட்டேனே என்று விம்மி விம்மி அழுதாள். நிகோலாசா அவள் தலையைத் தடவி, "நீ என்ன சாமியா, நடக்கப்போறதெல்லாம் முன்னாடியே தெரிய? அழாத, இதக் குடி" என்று, சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போட்டுக் கொடுத்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெத்ரோனாவுக்குப் பொறுக்கவில்லை. "ஊருக்கெல்லாம் சர்க்கரை, உனக்கு மட்டும் வெறுங்கஞ்சியா? அவளுக்குச் சொன்னத உனக்கும் ஒரு தடவ சொல்லிக்கயேன், கொமாத்ரே!"

"உன் பிள்ளைங்க உசுரோட இருக்குதுங்க. நீ பேசுவ."

சொல்லக் கூடாத சொல். பெத்ரோனா கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த வருஷம் பாவாடையோடு யாரும் வரவில்லை. நிகோலாசா வாசலைப் பார்த்துப் பார்த்து ஏமாந்தாள். போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிறகு சேதிதான் வந்தது. பெத்ரோனாவுக்குப் பக்கவாதம்; பேச்சு போய்விட்டது.

நிகோலாசா ஓடினாள். கட்டில் காலடியில் அந்தப் பச்சைப் பாவாடை மடித்து வைத்திருந்தது. "இந்த வருஷமும் இஸ்திரி போட்டு வெச்சாங்க, அத்தை. கிளம்புறதும் உக்காருறதுமா இருந்தாங்க" என்றாள் பெத்ரோனாவின் மகள் லிதியா.

நிகோலாசா மார்பில் அடித்துக்கொண்டாள். "நான் பேசின பேச்சுதான்டி! அவனையும் நான்தான் அனுப்பிச்சேன், இவளையும் நான்தான்..."

கட்டிலிலிருந்து ஒரு உறுமல் வந்தது. பெத்ரோனாவின் கண்கள் எரித்துவிடுவதுபோல் முறைத்தன. இன்னொரு வருஷக் கறுப்புக்குத் துணி கிழிக்கிறாயா என்று கேட்கிற முறைப்பு. கஞ்சிக்கடையில் தான் யாருக்கோ சொன்ன வார்த்தை அப்போதுதான் நிகோலாசாவுக்கே கேட்டது.

"நான் என்ன சாமியா?" என்றாள் மெதுவாக. அழுதுகொண்டே இன்னொரு தரம் சொன்னாள்.

பிறகு பெத்ரோனாவின் துவண்ட கையை எடுத்துத் தன் சால்வை ஊசியில் வைத்தாள். தானாக வந்தபோதெல்லாம் தட்டிவிட்ட கை. இப்போது தூக்கிக்கொண்டு வரவேண்டியிருந்தது, கனத்தது. இரண்டு கையுமாகச் சேர்ந்து ஊசியைப் பிடுங்க, கறுப்புச் சால்வை தரையில் விழுந்தது.

லிதியா பாவாடையை விரித்துப் பிடித்தாள். பெத்ரோனாவின் விரல்களால் நாடாவை முடிச்சிட முடியவில்லை. நிகோலாசா தானே முடிந்துகொண்டாள்.