மலர் அக்கா கேட்கும் முதல் கேள்வி

வெள்ளிக்கிழமை காலையில் சம்பந்தி யூமிகோ எனக்குத் தொலைபேசி எடுப்பதில்லை. அது என் பூசை நேரம் என்று அவருக்குத் தெரியும். அன்று விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது துரொண்ட்ஹெய்மிலிருந்து அவருடைய அழைப்பு வந்ததுமே கை நின்றுவிட்டது. மலர் அக்காவின் கடைக்கு ஏதோ கேட்பதற்காக எடுத்தாராம். மலர் அக்கா விடியற்காலையில் போய்விட்டார் என்று அக்காவோடு கடை பார்க்கிற மருமகள் சுதா அழுதுகொண்டே சொன்னாளாம். இருவருக்கும் பொதுவான நோர்வே மொழியில் யூமிகோ கேட்டார்: “உங்கள் முறைப்படி நான் என்ன கொண்டுவர வேண்டும்?” பிறகு எடுத்துச் சொல்கிறேன் என்றேன். இத்தனை ஆண்டுகளாக இப்படியான கேள்விகளை நாங்கள் இருவருமே மலர் அக்காவிடம்தான் கேட்டு வந்தோம்.

இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவரை “யப்பான் கடை மலர்” என்றே தெரியும். ஒஸ்லோவில் ஒரு தமிழ்ப் பெண் புடவைக் கடை வைக்காமல், பலசரக்குக் கடை வைக்காமல், யப்பான் கைவினைப் பொருட்களுக்குக் கடை வைத்தது எங்கள் ஆட்களுக்குப் பெரிய பகிடியாக இருந்தது. அவர் அதற்குக் கோபித்ததில்லை. வட நோர்வேயில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், மீன் வாங்க யப்பானிலிருந்து வந்தவர் வேலை முடிந்து போகும்போது, அங்கே நின்ற பெண்கள் எல்லாருக்கும் துணியில் பொதிந்த ஒரு சிறிய பரிசு கொடுத்தாராம். மற்றவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று அவிழ்த்தார்கள். “நான் முடிச்சைப் பாத்தனான் பிள்ளை. மீன் மணக்கிற கையளுக்கு ஒருத்தர் இவ்வளவு வடிவாக் கட்டித் தந்திருக்கிறாரே எண்டு இருந்தது” என்பார். கடையின் தொடக்கம் அந்த முடிச்சுத்தான்.

கடைக்குள் நுழைந்தவுடன் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: “ஆருக்கு?” அதற்குப் பதில் சொல்லாமல் ஒரு கிண்ணத்தைக்கூடத் தொட விடமாட்டார். ஒருமுறை நான் நிற்கும்போது ஒரு மாமி அவசரமாக வந்தார். மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுக்க ஏதாவது வேண்டுமாம்.

“ஏதாவது எண்ட சாமான் இஞ்சை இல்லை அக்கா” என்றார் மலர் அக்கா.

“எல்லாத்துக்கும் சேத்து விலையைக் கொஞ்சம் குறைக்கமாட்டியளே?”

“இதென்ன மீன் சந்தையே? மீனிலயிருந்து தப்பித்தானே இஞ்சை வந்தனான்!”

மாமி சிரித்துவிட்டார். பிறகு இருவரும் அமர்ந்து வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கதைத்துக் கதைத்துப் பொருள் தெரிவுசெய்தார்கள். வீட்டுச் செலவைச் சதம் பிசகாமல் எழுதுகிற நான், பொருளும் விலையும் மட்டும் எழுதி வந்த கணக்குக் கொப்பியில் “ஆருக்கு” என்று இன்னொரு பத்தியும் கீறியது அன்றுதான்.

என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. மகள் துளசி, யூமிகோவின் மகன் கென்னைக் கட்டப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து என் கணவர் அவளோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார். எவ்வளவோ கெஞ்சிய பிறகு, மாப்பிள்ளை வீட்டார் பியோர்ண்டாலில் எங்கள் வீட்டுக்கு வந்து எங்களைப் பார்க்க மட்டும் சம்மதித்தார். அந்த ஒரு நாள் பிசகினால் மகள் இந்த வீட்டுப்படி ஏறமாட்டாள் என்று எனக்குத் தெரியும். முருகனிடம் நேர்ந்துவிட்டு மலர் அக்காவின் கடைக்குப் போனேன். பிள்ளைகளுக்குக் காசு வைத்துக் கொடுக்க ஓர் உறை வேண்டும்; அது அவர்களுடைய முறையிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

“ஆருக்கு?” என்று கேட்டார். சொன்னேன். அவர் திரும்பி மேசை இலாச்சியைத் திறப்பதற்குள், நானே தட்டிலிருந்து ஓர் உறையை எடுத்துவிட்டேன். வெள்ளைத் தாளில் தாமரைப்பூ. அதன்மேல் மஞ்சளும் வெள்ளையுமாகக் காகிதக் கயிறு. மஞ்சளும் தாமரையும் சேர்ந்திருக்க வேறு என்ன மங்களம் வேண்டும்? மகாலட்சுமியே எடுத்துத் தந்ததுபோல் இருந்தது.

மலர் அக்கா என் கையின்மேல் தன் கையை வைத்தார். “பிள்ளை, இது செத்தவீட்டுக்குக் குடுக்கிறது.”

உறையைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். “ஐயோ அக்கா, இதென்ன அபசகுனம்! நான் ஏன் இதைத் தொட்டனான்?”

“விசர்க்கதை கதையாதை. உனக்கு இது லட்சுமி, அவைக்கு இது துக்கம். உறைக்கு ஒண்டும் தெரியாது, பாவம். குடுக்கிற நாங்கள்தான் கேட்டுத் தெரிஞ்சுகொள்ள வேணும்.”

பிறகு சிவப்பும் வெள்ளையுமாகக் கயிறு கட்டிய உறையைக் காட்டினார். இழுத்தால் அவிழும் முடிச்சு பிள்ளைப்பேற்றுக்கு, அது திரும்பத் திரும்ப வரலாம். கலியாணத்துக்கு அவிழாத முடிச்சு, எங்கட தாலி முடிச்சு மாதிரி என்று விளக்கினார். இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும், இரண்டு கையாலும் வாங்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்த நாள் வந்தது. யூமிகோ எங்கள் வரவேற்பறையில் அமர்ந்து, துணிப் பொதியை மெதுவாக அவிழ்த்தார். உள்ளே அரக்குப் பூசிய பெட்டி. பளபளவென்று, கறுப்பு.

“நல்ல காரியத்துக்குக் கறுப்பே கொண்டு வாறது?” என்றார் என் கணவர் தமிழில். முகம் இறுகிவிட்டது. துளசிக்குக் கண் நிரம்பியது. வந்தவர்களுக்கு விளங்காவிட்டாலும் அவளுக்கு அது விளங்குமே!

நான் யோசிக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். “இஞ்சாருங்கோ, கோவிக்காதேங்கோ. நான் இவைக்குச் செத்தவீட்டு உறையெல்லோ வாங்கப் பாத்தனான்.”

“என்ன?”

“தாமரையும் மஞ்சளும் வடிவாயிருக்கெண்டு எடுத்தனான். மலர் அக்கா மட்டும் கையைப் பிடிக்காட்டி இண்டைக்கு இவைக்குச் சாவு வாழ்த்துத்தான் சொல்லியிருப்பன்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள்! மாதக்கணக்கில் அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. துளசி அழுகையும் சிரிப்புமாக அதை மொழிபெயர்த்தாள். யூமிகோவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு திடுக்கிட்டு, பெட்டியில் ஏதும் பிழையா என்று கேட்டார். என் கணவர் எழுந்து போய், இரண்டு கையாலும் அதை வாங்கினார். “ஒண்டுமில்லையெண்டு சொல்லு துளசி. நல்ல பெட்டியெண்டு சொல்லு” என்றார். அவளுடைய பெயரை அவர் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம்! இன்றைக்கும் எங்கள் சாமி அறையில் திருநீறு அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இதைப் போய்ச் சொன்னபோது மலர் அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அந்த உறையை ஒருத்தரும் சிரிச்ச முகத்தோட எடுத்ததில்லையடி. நீதான் முதல் ஆள்” என்றார்.

இறுதிக்கிரியைக்கு முதல் நாள் கடைக்குப் போனேன். கண்ணாடி மணிகளும் கிண்ணங்களும் போட்டது போட்டபடி இருந்தன. சுதா மட்டும் தனியே நின்றாள். கோயிலில் அக்காவுக்கு மோட்ச அர்ச்சனை செய்யக் காணிக்கை வைக்க வேண்டும், தாமரை போட்ட உறை ஒன்று தா என்றேன். அவள் தட்டுப் பக்கம் திரும்பியபடியே, பழக்கதோசத்தில் கேட்டுவிட்டாள்.

“ஆருக்கு?”

கேட்டபிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

“உன்ர மாமிக்கு, பிள்ளை” என்றேன்.

அவள் இரண்டு கையாலும் தந்தாள். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். அவர்கள் முறையில் அது துக்கம், எங்கள் முறையில் மங்களம். மலர் அக்காவுக்கு இரண்டுமே பொருந்தும். இந்த முறை நான் பிழையாக எடுக்கவில்லை.

யூமிகோவுக்கும் அன்று மாலை பதில் சொன்னேன். கொண்டுவர ஒன்றும் வேண்டாம், அக்காவை நினைத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். மலர் அக்காவின் கடையிலிருந்து எத்தனையோ பொருட்கள் என் வீட்டில் இருக்கின்றன. ஆனால் என்னோடு வைத்துக்கொள்வது அந்த ஒற்றைக் கேள்வியைத்தான். கோயிலுக்குக் கற்கண்டு வாங்கப் போனாலும், கை நீளுவதற்கு முன் அவருடைய குரலில் அது கேட்கிறது.