மோட்டார் அழைக்கிறது

செல்பேசியைத் திட்டுவதற்கு ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொள்கிறவர்கள் நாங்கள். பட்டிமன்றப் பேச்சாளர்களைச் சொல்கிறேன். நிகழ்ச்சிக்கான அழைப்பு வாட்ஸ்அப்பில் வரும். ஊருக்கு வழியைச் செல்பேசி காட்டும். குறிப்புகளும் அதற்குள்தான் இருக்கும். மேடையேறியதும் அதே செல்பேசி குடும்பத்தைக் கெடுத்த குற்றவாளியாகக் கூண்டில் நிற்கும். கைதட்டல் அதற்குத்தான் உறுதி. இந்தப் பொங்கலுக்கு அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம் என்றேன். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

கீரனூரிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஒரு கிராமத்தில் காணும் பொங்கல் விழா, பகல் நிகழ்ச்சி. செல்பேசி குடும்பத்தை இணைக்கிறதா, பிரிக்கிறதா என்பது தலைப்பு. இணைக்கிறது என்ற அணியில் நான் கடைசிப் பேச்சாளர். எங்கள் வழக்கப்படி தீர்ப்பு, ஊருக்குப் போகும் வேனிலேயே முடிவாகிவிடும். ஊரார் எதைக் கேட்க விரும்புவார்களோ அதை நடுவர் அறிவிப்பார். தோற்கவிருக்கும் அணியின் கடைசிப் பேச்சாளர், முடிவில் சற்றுத் தணிந்து அந்தத் தீர்ப்புக்கு வழிவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியரான எங்கள் நடுவர் முன்னிருக்கையிலிருந்து திரும்பினார்.

"ஏத்தா, கடைசியில கொரலைத் தாழ்த்தி, நாமளும் செல்லைக் கொறைச்சுக்கிடணும்னு முடிச்சிரு. அப்பத்தான் தீர்ப்பு சரியா ஒக்காரும்."

"நான் கொறைச்சுக்கிறதா இல்லையேங்கய்யா."

"ஒன்னைய யாரு கொறைக்கச் சொன்னா? சொல்லத்தான சொல்றேன்."

வேன் முழுக்கச் சிரித்தது. எதிரணி அக்கா என் தோளைத் தட்டினார். "சொல்லிருடி. இல்லேன்னா அடுத்த புரோகிராமுக்கு ஒன் சீட்ல கீபோர்டுக்காரரை ஒக்கார வச்சிருவாரு."

கேலிதான். ஆனால் நடுவர் சிரிக்கவில்லை. கல்லூரிப் போட்டிகள் முடிந்தபின் எனக்கென்று இருந்த ஒரே மேடை அவருடைய குழு. அதை அவரும் அறிவார்.

என் முறை வந்தது. நான் எங்கள் வீட்டைப் பற்றிப் பேசினேன். திருவரங்குளம் பக்கம் எங்கள் வயலின் மோட்டார் அறையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு சிம் கார்டு. மும்முனை மின்சாரம் வந்தவுடன் அந்தப் பெட்டி அப்பாவை அழைக்கும்; அவர் எண் ஒன்றை அழுத்தினால் அங்கே தண்ணீர் பாயத் தொடங்கும். இது வருவதற்கு முன், மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாமல் அப்பா பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார். என் பரிசளிப்பு விழாக்களில் அவருடைய நாற்காலி காலியாகவே கிடக்கும். "ஒங்கப்பா மோட்டாருக்குத்தான் தாலி கட்டியிருக்கணும்" என்பார் அம்மா. இப்போது அவரே அடுப்படியிலிருந்து, "ஏங்க, மோட்டார் கூப்பிடுது, எடுங்க" என்கிறார்.

"இந்தச் செல்பேசி என் தந்தையை எங்களிடமிருந்து பிரிக்கவில்லை. பிரிந்துகிடந்தவரை வீட்டுக்கு அழைத்து வந்தது. இதை நான் குறைத்துக்கொள்ளப் போவதில்லை" என்று முடித்தேன். குரலைத் தாழ்த்தவில்லை.

நடுவர் என்னைப் பார்க்காமல் எழுந்தார். தீர்ப்புரையின் முதல் வாக்கியத்தைப் பாதி கடந்திருப்பார். கூட்டத்தில் ஒரு செல்பேசி ஒலித்தது. அதன் பின்னால் இன்னொன்று; அப்புறம் நாலா பக்கமும். பந்தலெங்கும் ஒரே பெண்குரல், ஒன்றையொன்று முந்திக்கொண்டு: மும்முனை மின்சாரம் வந்துவிட்டது, மோட்டாரை இயக்க எண் ஒன்றை அழுத்தவும்.

வேட்டி மடிப்பிலிருந்தும் சட்டைப் பையிலிருந்தும் எடுத்தார்கள், அழுத்தினார்கள், திரும்ப வைத்துக்கொண்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நடுவர் லேசுப்பட்டவர் அல்லர். "பாத்தீங்களா? பேசிக்கிட்டு இருக்கும்போதே பிரிக்குதா இல்லையா?" என்றார்.

முன்வரிசையில் துண்டு போர்த்தியிருந்த ஒருவர் உட்கார்ந்தபடியே பதில் கொடுத்தார். "இது இல்லேன்னா நாங்க எந்திரிச்சு அங்கிட்டுக் கொல்லையில மோட்டாரைப் போடப் போயிருப்போம்ங்க. நீங்க வெறும் நாக்காலிக்குத்தான் தீர்ப்புச் சொல்லணும்."

பந்தல் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நடுவர் பொறுமையாக நின்றார். அடங்கியதும், வேனில் எடுத்த தீர்ப்பை ஓர் எழுத்தும் மாறாமல் அறிவித்தார்: செல்பேசி குடும்பத்தைப் பிரிக்கிறது.

திரும்பும் வழியில் குடுமியான்மலைப் பிரிவு தாண்டியதும் நடுவர் பேசினார்.

"அடுத்த வாரமும் இதே தலைப்புதான். சொன்னபடி முடிக்கிறதா இருந்தா வா."

"வாரேங்கய்யா. பெட்டியைப் பத்தித்தான் பேசுவேன்."

"பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. நடுவருக்கு எடம் விடணும்த்தா."

"நீங்க தலைப்புக்கு எடம் விடலையேங்கய்யா."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது செல்பேசியைப் பார்த்தேன். குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து நான் நீக்கப்பட்டிருந்தேன். இதையும் நாளை ஒரு மேடையில் அவர் சான்றாக எடுத்து வைக்கலாம்: பாருங்கள், செல்பேசி எப்படிப் பிரிக்கிறது என்று. அந்த மேடையில் நான் இருக்க மாட்டேன் என்பதால் மறுப்புரையை இங்கேயே பதிவு செய்கிறேன். என்னை நீக்கியது கருவி அன்று; அதன்மேல் இருந்த விரல். அதே விரல் என்னைச் சேர்த்தும் வைத்திருக்கலாம். அதைத் தடுக்கும் விசை எந்தச் செல்பேசியிலும் கிடையாது.

சாப்பிட உட்கார்ந்தோம். நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். தீர்ப்பை நெருங்கும்போது அப்பாவின் செல்பேசி ஒலித்தது. அவர் வலக்கையில் சோற்றோடு அப்படியே இருந்து, இடக்கையால் ஒன்றை அழுத்தித் தரையில் கவிழ்த்து வைத்தார்.

"ம், அவரு என்ன சொன்னாரு? மேல சொல்லு."

நான் மேடையில் பேசிய அதே குரலில் சொன்னேன்.