ஆடாதீங்க!

"ஆடாதீங்க!"

மூத்த ஆய்வு மாணவர் தூ வெய்பிங் கத்தினால் எங்கள் ஆய்வுக்கூடம் சிலையாகிவிட வேண்டும். வாயில் பாதி, கிண்ணத்தில் பாதியாக நூடுல்ஸ் தொங்கினாலும் தொங்கட்டும். "வெளிய போய்த் தும்மிட்டு வாங்க சார்" என்று பேராசிரியரையே விரட்டியவர்.

காரணம் இருக்கிறது. அவர் உருவாக்கிய மின்னணுச் சில்லுக்கு பேட்டரி கிடையாது. செங்டு தொலைக்காட்சிக் கோபுரம் வீசும் அலையைத்தான் அது இரவல் வாங்குகிறது. அலையைத் திருப்பியடித்தால் ஒன்று, சும்மா கிடந்தால் பூஜ்ஜியம். எது வந்தது என்று எதிர் மேசை ரிசீவர் கண்டுபிடிக்க வேண்டும். "பட்டாசு வெடிக்கிற தெருவுல கொசு பறக்குற சத்தம் கேக்கணும்டா" என்பார். குறுக்கே ஆள் அசைந்தாலே அலை கலைந்துவிடும்.

சில்லை இயக்கக் கணினி இருந்தும் அவருக்கு அதன்மேல் நம்பிக்கையில்லை. "மெஷின் பொய் சொல்லும், என் கை சொல்லாது." குனிந்து சில்லின் பொத்தானை அழுத்துவார், ஒன்று. கையை எடுத்து நிமிர்வார், பூஜ்ஜியம். திரையில் அச்சு அசலாக அப்படியே வரும். பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்திருக்கும் கடைசி வருடம் இது. இந்த முடிவுகளை நம்பித்தான் முனைவர் பட்டம். "முடிஞ்ச மாதிரிதாம்மா" என்று அம்மாவிடம் போனில் சொல்லும்போது மட்டும் சிரிப்பார்.

போன வாரம் எங்களில் இளையவளான ஹூ யிங் மேசையைத் துடைக்கும்போது சில்லைப் புரட்டினாள்.

"அண்ணே, ஆன்டெனா கம்பி அறுந்து கிடக்கே."

"நீதானே உடைச்ச?"

"ஐயோ, நான் இல்ல. அறுந்த இடத்துல பச்சைக் களிம்பு பூத்திருக்கு பாருங்க. எப்பவோ போயிருக்கு."

அன்று காலைச் சோதனையிலும் ஒரு பிழைகூட வரவில்லை. செத்த சில்லு எதைத் திருப்பியடித்திருக்கும்? எங்களையெல்லாம் ஆடாமல் உட்கார வைத்துவிட்டு, அந்த அறையில் குனிந்து நிமிர்ந்து ஆடிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் யாரையும் திட்டவில்லை. "இந்தச் சில்லை எடுத்துக்கிட்டு வெளிய போ. கதவைச் சாத்திக்க" என்றார் அவளிடம்.

காலி மேசைமுன் உட்கார்ந்தார். குனிந்து, வெறும் மேசைப் பலகையை விரலால் அழுத்தினார். திரையில் ஒன்று. நிமிர்ந்தார். பூஜ்ஜியம்.

"போதும்ண்ணே" என்று எழுந்தேன்.

"ஆடாதே" என்றார் மெதுவாக. மறுபடியும் குனிந்தார்.