பிரஸ் ஷாப் மூச்சு

நான் செத்துப்போகப் போகிறேன் என்று முதன்முதலில் எனக்குத் தெரியவந்தது, ரயில் வில்லிவாக்கத்தை விட்டுக் கொரட்டூர் வருவதற்குள். மத்தியான நேரத்து மின்சார ரயில். கூட்டம் இல்லை. ஜன்னலோரம் இடம், எதிரே காலை நீட்ட வசதி, கையில் வேர்க்கடலைப் பொட்டலம். இவ்வளவு சௌகரியமாக யாராவது சாவார்களா? ஆனால் நெஞ்சு குதித்தது. விரல் நுனியெல்லாம் மரத்தது. காது அடைத்தது. கொரட்டூரில் இறங்கி, குழாயில் தலையைக் காட்டிவிட்டு, அம்பத்தூர் வரைக்கும் நடந்தே வீட்டுக்கு வந்தேன். சாகக் கிடக்கிறவன் அவ்வளவு தூரம் நடப்பானா என்று அப்போது தோன்றவில்லை. வீட்டு வாசலில் பார்த்தால் பொட்டலமும் காலி. மரண பயத்திலும் கடலையை விடாமல் தின்றிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகள் விருப்ப ஓய்வு கொடுத்தபோது நானும் வாங்கிக்கொண்டு வெளியே வந்திருந்தேன். ஐம்பதை இன்னும் தொடவில்லை. அதுவரை எனக்குத் தெரிந்த ஒரே வேலை பவர் பிரஸ். தகட்டை அச்சில் வைத்து, கையை வெளியே இழுத்து, காலால் பெடலை மிதித்தால் மேலேயிருந்து இரும்பு இறங்கி ஒரே அடியில் தகட்டுக்கு வடிவம் கொடுத்துவிடும். கையை எடுக்க மறந்தால் கைக்கும் கொடுக்கும். பத்து விரலோடு ரிட்டயர் ஆவதுதான் எங்கள் தொழிலில் பெரிய பட்டம். அந்தப் பட்டத்தை வாங்கியவனுக்கு, காற்றாட ரயிலில் உட்கார முடியவில்லை.

டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, கோடெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்.

"உங்க மிஷின் நல்லா கீதா சார்?" என்று கேட்டேன்.

சிரித்தார். இதயத்தில் கோளாறு இல்லை, இது பதட்டம், வேலையை விட்ட பலருக்கும் வருகிறது என்றார். ஒரு மாத்திரை எழுதினார். பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில் சாயங்காலம் ஓர் அம்மா யோகா சிகிச்சை சொல்லிக்கொடுக்கிறார், அங்கேயும் போய்ப் பாருங்கள் என்றார். "தலைகீழா நிக்க சொல்வாங்களா?" என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

வேறு சமயமாக இருந்தால் போயிருக்க மாட்டேன். ஆனால் வீட்டில் மகள் இருந்தாள், பிரசவத்துக்கு வந்தவள். பேரனுக்கு ஐந்தாம் மாதம் ஓடிக்கொண்டிருந்தது. திருநின்றவூரில் இருக்கும் சம்பந்தி வீட்டில் நாள் குறித்து அனுப்பிவிட்டார்கள். பெண்ணையும் பிள்ளையையும் அப்பன்தான் கொண்டுபோய் விடவேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. மூடின வேன் ரயிலைவிட மோசம், ஏறின உடனே அது வந்து, இறங்கி ஓடிவிடுவேன். ஆகவே ரயில்தான். அந்த ரயிலில்தான் கொரட்டூருக்குப் பிறகு நான் ஏறுவதில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பேரனை நான் தூக்குவதே கிடையாது. கையில் குழந்தை இருக்கும்போது அது வந்துவிட்டால்? விரல் மரத்து, பிடி நழுவிவிட்டால்? "கை அழுக்கா கீது", "சளி புடிச்சிகினு கீது" என்று தினம் ஒரு சாக்கு. "தாத்தாவுக்கு பேரன் மேல ஆசையே இல்ல" என்று மகள் ஒருநாள் சொன்னாள். அதற்கும் ஒரு ஜோக் அடித்தேன். என்ன ஜோக் என்று நினைவில்லை. நல்ல ஜோக்காக இருந்திருக்காது.

ஹாலில் ஜமுக்காளம் விரித்திருந்தது. சர்க்கரைக்காரர்கள், முழங்கால்காரர்கள், தூக்கம் வராதவர்கள். டீச்சர் என்னைவிட வயதில் சிறியவர், மெதுவாகப் பேசுவார். மூச்சை இழுத்தபடி கையைத் தூக்கவேண்டும், விட்டபடி இறக்கவேண்டும். அவ்வளவுதான். இதற்கு ஒரு வகுப்பா என்று நினைத்துக்கொண்டே கையைத் தூக்கினேன், இறக்கினேன். டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மூச்சு எங்க சார்?"

"உள்ளதான் டீச்சர் வெச்சிருக்கேன்."

"கை கீழ வந்துடுச்சே. அத ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க?"

"பத்திரமா இருக்கட்டும்னுதான்."

மறுபடி செய்யச் சொன்னார். கை கீழே வரும்போதெல்லாம் மூச்சு தொண்டையில் பூட்டிக்கொண்டு நின்றது. நானாகச் செய்யவில்லை, அதுவாக நடந்தது. கண்ணை மூடி மல்லாந்து படுத்து, உள்ளங்கை மேலே பார்க்க, கையைத் தளர்த்தச் சொன்னார். எல்லாருக்கும் கை விரிந்து கிடந்ததாம். எனக்கு மட்டும் இரண்டும் முஷ்டி. பிரித்து வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் மறுபடி முஷ்டி.

"நீங்க என்ன வேலை சார் பாத்தீங்க?" என்றார். சொன்னேன். "அங்க எப்படி மூச்சு விடுவீங்க?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மிஷினில் ஒரு புதுச் சத்தம் கேட்டால், எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வீட்டுக்குப் போகமாட்டேன் நான். இதுவும் அப்படிப் பிடித்துக்கொண்டது.

என்னோடு வேலை பார்த்தவன் ஒருவன் மண்ணூர்பேட்டையில் சின்னப் பட்டறை ஒன்றில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் நேராக அங்கே போனேன். அவன் பக்கவாட்டில் நின்றுகொண்டு அவன் முகத்தையே பார்த்தேன்.

"இன்னா மாமே, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கற?"

"நீ வேலைய பாரு மச்சான். மூச்சு உடறியான்னு பாக்கறேன்."

"நின்னு போச்சுன்னா ஆள் அனுப்பறேன். இப்ப ஊட்டுக்கு போ."

தகட்டை வைத்தான். கையை இழுத்தான். கன்னம் உப்பியது. பெடலை மிதித்தான், இரும்பு இறங்கி ஏறியது, கன்னம் இறங்கியது. அடுத்த தகடு. கன்னம் உப்பியது. பக்கத்து மிஷின்காரரைப் பார்த்தேன். அவருக்கும் அப்படியே. அடி விழுகிற ஒவ்வொரு முறையும் பட்டறையில் யாரும் மூச்சு விடவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடம்பு பாவம், விரலைக் காப்பாற்ற அது கண்டுபிடித்த வழி. அடி விழும்வரை மூச்சைப் பிடி, விழுந்ததும் விடு. நான் வேலையை விட்டுவிட்டேன், அடி விழுவது நின்றுவிட்டது. உடம்புக்கு மட்டும் யாரும் விருப்ப ஓய்வு கொடுக்கவில்லை. விழாத அடிக்காக அது இன்னமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"இன்னாடா தனியா சிரிக்கற?" என்று நண்பன் பயந்துபோய்க் கேட்டான். "டீ சொல்லட்டா?"

டீச்சரிடம் சொன்னபோது, இருக்கலாம் சார் என்றார், அதற்குமேல் போகவில்லை. விடுகிற மூச்சு இழுக்கிற மூச்சைவிட நீளமாக இருக்கவேண்டும், வாயைக் குவித்து ஊதி விடுங்கள், விடும்போதே விரலையும் விரியுங்கள் என்று தினமும் செய்ய வைத்தார். "இனிமே அது வராதா டீச்சர்?" என்று கேட்டேன். "அப்படி சொல்ல முடியாது சார். வந்தா பயந்து ஓடாதீங்க. எப்படி வருது, எப்படி போகுதுன்னு கூடவே இருந்து பாருங்க." மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்றும் கறாராகச் சொல்லிவிட்டார்.

குறித்த நாள் வந்தது. அம்பத்தூரில் ஏறினோம். மனைவி கையில் பழத்தட்டும் கூடையும். மகளுக்குப் பெட்டி, பால் புட்டி, துணிப்பை. ஏறிய வேகத்தில், "நைனா, புடி" என்று பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு அவள் பெட்டியைத் தள்ளப் போய்விட்டாள். சாக்குச் சொல்ல நேரம் இல்லை.

திருமுல்லைவாயல் போனது. அண்ணனூர் போனது. ஆவடிக்கு முன்னால் வண்டி சும்மா நின்றது. மின்விசிறி நின்றது. வந்துவிட்டது.

அதே குதிப்பு. அதே காது அடைப்பு. விரல் நுனியில் எறும்பு. மடியில் பேரன் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்காத காரணம் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"வருதாய்யா?" என்றாள், மெல்ல.

"வந்துட்சி."

"புள்ளைய குடு. நான் வெச்சிக்கறேன்."

கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்திலும், இது எதுவரைக்கும் போகும் பார்ப்போமே என்று எனக்குள் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"இரு. பாக்கலாம்."

வாயைக் குவித்து ஊதினேன். நீளமாக. மூச்சு பாதியில் பூட்டிக்கொண்டது. மறுபடி ஊதினேன். பிள்ளை பொத்தானை விட்டுவிட்டு என் வாயையே பார்த்தான். முகத்தில் காற்றுப் பட்டதும் கண்ணைக் கொட்டினான். நிறுத்தினால் சிணுங்கினான். வேறு வழியில்லை, ஊதிக்கொண்டே இருந்தேன். பயம் ஏறி ஏறி ஓர் இடத்தில் நின்றது. அதற்குமேல் ஏற அதற்கு இடமே இல்லை போலிருக்கிறது. அப்புறம் ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்தது. இத்தனை மாதத்தில் அது இறங்குகிற பக்கத்தை நான் பார்த்ததே இல்லை, அதற்குள் ஓடிவிடுவேன். வண்டி கிளம்பியபோது குனிந்து என் கைகளைப் பார்த்தேன். பிள்ளையின் முதுகில் விரல்கள் விரிந்தே இருந்தன.

"இன்னா நைனா, புல்லாங்குழலா வாசிக்கற?" என்றாள் மகள்.

திருநின்றவூரில் இறங்கியதும் சம்பந்தியம்மா பிள்ளையை வாங்கக் கையை நீட்டினார். "இருக்கட்டும் சம்பந்தி, ஊடு வரைக்கும் நானே தூக்கிக்கினு வரேன்" என்றேன். மகள் திரும்பி என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

சாயங்காலம் நானும் மனைவியும் மட்டும் திரும்பினோம். பட்டாபிராமில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆவடியில் வாயைக் குவித்துத் தயாரானேன். அண்ணனூரும் போனது.

"இன்னாய்யா தேடற?" என்றாள் மனைவி.

"வர்ல" என்றேன். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்திருக்கவேண்டும், அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.