காற்றுத் துளை அடைத்த வீடு

நான் இருக்கும் இந்த ஜெர்மன் ஊரில் குளிர்காலக் காலைகளில் நடக்கும் ஒரு காரியத்தைச் சொன்னால் நாட்டில் இருக்கிறவர்கள் சிரிப்பீர்கள். வெளியே தெருவெல்லாம் உறைந்து கிடக்கும். பல் கிட்டிக்கொள்ளும் குளிர். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர்கள் ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னல்களை எல்லாம் ஆவென்று திறந்து வைப்பார்கள். பத்து நிமிடம். உள்ளே உள்ள காற்று முழுக்க வெளியே போய், வெளிக்காற்று உள்ளே வந்த பிறகுதான் சாத்துவார்கள். சாயங்காலமும் இதே கதை. இதற்கு ஸ்டோஸ்லுஃப்டன் என்று ஒரு பெயர் வைத்து, வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். நானும் படிக்காமல் போட்டுக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மாதாமாதம் காசு கட்டிச் சூடாக்கிய வீட்டின் ஜன்னலை மனுஷி திறப்பாளா?

வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அயிலைக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி ஃப்ராவ் ஹார்ட்மன் கதவைத் தட்டினாள். எழுபது வயதுக்காரி, முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. உள்ளே வந்து மூக்கைச் சுளித்தாள், நேரே போய் ஜன்னலைத் திறந்தாள். "தினமும் திறக்க வேண்டும், நீங்கள் திறப்பதே இல்லை" என்றாள். எனக்கு உச்சியில் ஏறியது. எனது மீன் மணம் உனக்கு அவ்வளவு நாற்றமா என்று மனசுக்குள் வைதுவிட்டு, அவள் படியிறங்கியதும் ஜன்னலை முன்னைவிட இறுக்கிச் சாத்தினேன். ரோஷம். இரண்டு மாதம் கழித்து அலமாரியை நகர்த்திப் பார்த்தபோது பின்சுவர் முழுக்கக் கறுப்புப் பூசணம். அவள் மூக்கு பிடித்தது மீனை இல்லை, ஈரத்தை. சுவரைத் துடைக்க அவளே வாளியும் மருந்தும் கொண்டுவந்தாள். இங்கே வீடுகளைக் காற்றுப் புகாமல் கட்டுகிறார்கள், அதனால் நாமாகத் திறந்துவிட வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் அதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

அந்த முதல் பாதியில் நான் மயங்கிப்போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றடுக்குக் கண்ணாடி, ஓரமெல்லாம் ரப்பர் வைத்த ஜன்னல், சுவருக்குச் சட்டை போட்டதுபோல வெளியே ஒரு அட்டை. வீடு எவ்வளவு மின்சாரமும் எரிவாயுவும் தின்கிறது என்று பார்த்து, பள்ளிக்கூடத்து மார்க்குபோல ஏ, பி என்று எழுத்து போட்டு ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே அதுதான். உன் வீடு என்ன எழுத்து, என் வீடு என்ன எழுத்து. எனக்கும் அப்படி ஒரு வீடு வேண்டும் என்று ஆசை வந்தது. எங்கே? கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் செங்கல் என்ற ஊரில், எங்கள் அப்பா விட்டுப்போன பத்து சென்ட் நிலத்தில், அண்ணனும் மைனியும் குடியிருக்க.

மைனியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அம்மா இறந்த வருஷம் நான் ஒன்பதாம் வகுப்பு. அந்த ஆவணியில்தான் அண்ணன் அவளைக் கட்டிக்கொண்டு வந்தான். வந்த மறுநாளே என் தலையில் பேன் பார்த்தவள். நான் நர்சிங் படித்ததும், ஜெர்மன் பாஷையோடு மல்லுக்கட்டிப் பரீட்சை எழுதியதும், விமானம் ஏறியதும் அவள் ஆக்கிப் போட்ட சோற்றில்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை. யாராவது கேட்டால் "எனக்கு ஜெசி உண்டு" என்று என்னைச் சொல்வாள். அவள் நல்ல வீட்டில், வெயிலும் தூசியும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் இன்றைக்கும் ஒரு குற்றமும் எனக்குத் தெரியவில்லை. குற்றம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

வீட்டுப் பணியை நான் வீடியோ காலில் நடத்தினேன். டூட்டி முடிந்து, யூனிஃபார்ம்கூட மாற்றாமல், போனை வைத்துக்கொண்டு அங்கே போ, இங்கே காட்டு என்று விரட்டுவேன். லின்டல் வார்த்து, ஜன்னலுக்கு மேலே வழக்கம்போல ஏர் ஹோல் விட்டிருந்தார் மேஸ்திரி. நம்மூர் வீடுகளில் எல்லாம் இருக்குமே, சுவரின் உச்சியில் சூடும் ஈரமும் வெளியே போக விடும் துளைகள். எனக்கு அதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. அங்கே ஏசியை ஓட்டி, இந்த ஓட்டை வழியே குளிரை வெளியே விடவா இத்தனை பாடு? எல்லாவற்றையும் அடைக்கச் சொன்னேன்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "சேச்சி, இது மழை நாடாக்கும். ஏர் ஹோல் இல்லாம சுவர் காயாது."

"நான் இஞ்ச எத்தன வீடு பாத்திருக்கேன் தெரியுமா? சொன்னத செய்யுங்க."

"செய்யலாம் சேச்சி. பின்ன எங்கிட்ட கேக்கப்பிடாது."

அவருக்குப் பின்னால் அண்ணன் நின்றான். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவன், யாரோடும் எதிர்த்துப் பேசி வழக்கமில்லாதவன். மைனி அவனிடம் சொன்னது போனில் கேட்டது: "அவளுக்குத் தெரியாததா? ஜெர்மனியில இருக்கப்பட்ட பிள்ளையாக்கும்." எனக்கு அப்போது அது இனித்தது. வெளிநாட்டில் இருக்கிறவள் சொன்னால் சட்டம் என்று ஒரு வழக்கம் நம்மிடம் உண்டு. கேள்வி கேட்டால் மரியாதைக்குறைவு என்று நினைப்பார்கள். நாமும் அந்த மரியாதையைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்கிறோம்.

துளைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். ரப்பர் வைத்த ஜன்னல், கூரைக்கு அடியில் சூடு தடுக்கும் ஷீட், சுவருக்கு நீர் புகாத பெயின்ட். பாஸ்டர் வந்து வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம் செய்ததை வார்டில் இருந்தபடியே போனில் பார்த்து அழுதேன். ஜன்னலைத் திறக்காதீர்கள், தூசி வரும், ஏசி வீணாகும் என்று கடைசியாக ஒரு கட்டளையும் போட்டேன்.

அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அண்ணன் கரண்டு பில்லைப் படமெடுத்து அனுப்புவான். யூனிட் எண்ணிக்கையைப் பார்த்தால் நம்பவே முடியாது, அவ்வளவு குறைவு. ஏசி வைத்த வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜும் ஃபேனும் ஓடினால் வரும் அளவுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் காட்டினேன். வாடகை கொடுக்கப் போனபோது ஃப்ராவ் ஹார்ட்மனுக்கும் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"எத்தனை பேர் இருக்கிறார்கள்?"

"இரண்டு பேர்."

"எங்கேயாவது பயணம் போயிருக்கிறார்களா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஆட்களாலும் ஒழுங்காக ஒரு வீடு கட்ட முடியும் என்பதை இந்தக் கிழவியால் ஏற்க முடியவில்லை, பார்த்தாயா என்று நினைத்துக்கொண்டேன். மீன் விஷயத்தில் பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

போன வருஷம் ஜூனில், எடவப்பாதி மழையில் விடுப்புக் கிடைத்தது. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பே டிக்கெட் கிடைக்க, சொல்லாமல் போய் நின்று மைனியைத் திகைக்க வைக்கலாம் என்று புறப்பட்டேன். திருவனந்தபுரத்தில் இறங்கி, காரில் நெய்யாற்றின்கரை தாண்டி வீட்டு வாசலில் இறங்கும்போது காலை பத்து மணி இருக்கும். வீடு சாத்திக் கிடந்தது. சாவி எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த வாடையைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. சுவரில் ஆள் உயரத்துக்குக் கறுப்பு. சோபாவில் வெள்ளைப் பொடி. மேசைமேல் இருந்த வேதபுத்தகத்தின் தோல் அட்டை பச்சை பூத்திருந்தது. ஒரு சுவர் மட்டும் புதுப் பெயின்ட் அடித்துப் பளிச்சென்று இருந்தது. அதன் முன்னால் இரண்டு நாற்காலி. வீடியோ காலில் நான் எப்போதும் பார்க்கும் சுவர் அது.

பின்பக்கத்திலிருந்து இருமல் கேட்டது. பின்சுவரை ஒட்டி விறகு அடுக்கத் தகரம் போட்டு இறக்கிய ஒரு சாய்ப்பு உண்டு. அதில் கட்டில், ஃபேன், ஃபிரிட்ஜ், அடுப்பு, துணி போட்ட கொடி. கட்டிலில் மைனி உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்ஹேலர். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"மக்கா, நீ மற்றன்னாளுதானே வாறேன்னு சொன்ன? வீடு ஒதுக்கல்லியே."

நான் வேலை செய்வது நுரையீரல் வார்டில். அப்படி ஊன்றி உட்கார்ந்திருக்கும் ஆட்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். இன்ஹேலரை எப்படிப் பிடிக்க வேண்டும், எத்தனை எண்ணி மூச்சை அடக்க வேண்டும் என்று ஜெர்மன்காரர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். இரண்டு வருஷமாகப் போனில் அவள் இருமலைக் கேட்டு "ஆவி பிடிங்க மைனி" என்று சொல்லிவிட்டு வைத்தவளும் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

சாயங்காலம் அண்ணன் பஸ்ஸை விட்டுவிட்டு வந்ததும் கேட்டேன். முதல் மழையிலேயே சுவரில் பூசணம் பூத்துவிட்டதாம். மைனிக்கு இழுப்பு தொடங்கியது. டாக்டர் வீட்டில் பூப்பல் உண்டா என்று கேட்டதற்கு, அண்ணன் "புது வீடாக்கும் டாக்டர்" என்று சொல்லியிருக்கிறான். என் மானத்தை டாக்டரிடம்கூடக் காப்பாற்றியிருக்கிறான். பிறகு இரண்டு பேரும் சாய்ப்புக்கு மாறினார்கள். நான் கூப்பிடும் நேரத்துக்குச் சேலை மாற்றி, உள்ளே போய், அந்த வெள்ளைச் சுவரின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசி முடித்து வெளியே வந்தால் அன்றைக்கு முழுக்க இழுப்பு. நான் காட்டிக்கொண்டு திரிந்த பில், ஆள் இல்லாத வீட்டின் பில்.

"ஏன் மைனி எங்கிட்ட சொல்லல்ல?"

"என்னத்த சொல்ல? நீ உறக்கம் முழிச்சு கெட்டின வீடு. கொள்ளாது, நல்லா இல்லன்னு பறஞ்சா நீ அஞ்ச ஜெர்மனியில கெடந்து அழுது கரைவ. ஒற்றைக்கு இருக்கப்பட்ட பிள்ள."

"ஜன்னலையாவது தொறந்திருக்கலாமே."

"நீ தொறக்காதேன்னுதானே சொன்ன?"

அவள் குத்திக் காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னை நாலு வார்த்தை வைதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் மேஸ்திரியை வரச்சொன்னேன். பழையதை அவர் ஒரு வார்த்தை கிளறவில்லை. "நான் செய்தது தப்பு மேஸ்திரி" என்று நானே சொன்னேன். "தப்பு எனக்கும் உண்டு சேச்சி. சுவர் காயாதுன்னு தெரிஞ்சும் செய்துபோட்டேன்" என்றார். அடைத்த துளைகளை ஒவ்வொன்றாக உடைத்தார். ஜன்னல்களின் ரப்பரைப் பிடுங்கி, வெளியே மழைச்சாரல் அடிக்காமல் சின்னச் சாய்வு வைத்தார். நானும் அண்ணனும் சுவரைச் சுரண்டி, மருந்து போட்டுக் கழுவினோம். மைனியை அந்தப் பக்கமே விடவில்லை. நெய்யாற்றின்கரையில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நான் நர்ஸ் என்று தெரிந்ததும் ஒளிக்காமல் பேசினார். இழுப்பைக் கட்டுக்குள் வைக்கலாம், ஆனால் இன்ஹேலரை இனி அவள் விட முடியாது என்றார். உடைத்த துளையால் சுவர் காய்ந்துவிடும். அவள் நெஞ்சுக்கு அப்படி ஒரு மேஸ்திரி இல்லை.

சுவரெல்லாம் காய்ந்து, வாடை போன பிறகும் மைனி உள்ளே வர மறுத்தாள். "அது ஜெசிக்க வீடு. நீ வந்தா கெடக்க வேண்டாமா? எனக்கு இஞ்ச போதும்" என்றாள். அக்கம்பக்கத்திலும் அப்படித்தான் பேர் விழுந்திருந்தது, ஜெசிக்க வீடு என்று. அவர்களுக்காகக் கட்டினேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது என்னைத் தவிர யாருக்கும் புரிந்திருக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர்கள்தான் சரி. ஒரு செங்கலாவது அவர்களைக் கேட்டு வைத்தேனா? நான் பெட்டியை எடுத்துக்கொண்டு சாய்ப்புக்கு வந்துவிட்டேன். அவள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தேன். "நீங்க கெடக்காத வீட்டில எனக்கும் கெடக்க வேண்டாம்" என்றேன். அவள் திட்டினாள், கெஞ்சினாள், அண்ணனை விட்டுச் சொல்ல வைத்தாள். நான் அசையவில்லை. எனக்குப் பிடிவாதம் கற்றுக்கொடுத்ததும் அவள்தானே.

புறப்படும் நாள் மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னறையில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தாள். நான் சாய்ப்பில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. வாசலில் அண்ணன் கார் கொண்டுவந்து நிறுத்தி, நேரமாகிறது என்று ஒரு ஹாரன் அடித்தான். சாய்ப்புக்கும் அவள் படுத்திருக்கும் அறைக்கும் நடுவே ஒரே சுவர். துளை அடைத்திருந்த நாட்களில் அந்தச் சுவருக்கு அப்பால் இடி விழுந்தாலும் இந்தப் பக்கம் கேட்டிருக்காது. இப்போது உச்சியில் உடைத்த துளைகள் வழியாக அவள் புரள்வது கேட்டது. இருமுவது கேட்டது. மூச்சு இழுத்து விடும் ஓசைகூடக் கேட்டது. வார்டுப் பழக்கத்தில் எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு இருபத்தாறு. அதிகம்தான்.

அவளை எழுப்பிச் சொல்லிக்கொண்டு போவதா, உறங்கட்டும் என்று விட்டுவிடுவதா என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அப்போது துளை வழியே அவள் குரல் வந்தது.

"ஜெசியே, இருக்கியா மக்கா, போயிட்டியா?"

ஷூவின் கயிற்றை இறுக்கிக்கொண்டே, "இருக்கேன் மைனி" என்றேன்.