கடைசிப் படகும் ஆறு மணிச் சட்டமும்

அறுபதுகளில் அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் ஒரு விடுதி இருந்தது. சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவர்கள், வேலையும் வீடும் அமையும்வரை அங்கே தங்கலாம். நான்தான் பொறுப்பாளர், சமையலும் நானே. அரசாங்கத்தின் விதிகள் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தன. வெளியே ஈரத்துணி தொங்கக் கூடாது என்றுகூட ஒரு விதி. மழை நிற்காத ஊரில் அதைப் படித்துச் சிரிக்காதவர்கள் இல்லை. ஆனால், மாலை ஆறு மணிக்குள் எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விளையாட்டே கிடையாது.

எங்களோடு தூத்துக்குடிப் பக்கத்து மீனவர் ஒருவர் இருந்தார். வலைத் தகராறில் ஒருவரை அடித்துவிட்டுச் சிறைக்குப் போனவர். அவருக்கு எதிர்க்கரையிலுள்ள சாத்தமுக்குப் போகும் ஃபெர்ரிப் படகில் கயிறு கட்டும் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டையில் அவரைப் பார்த்ததும் எல்லாரும் "கப்தான் சாப்!" என்று, கப்பல் கேப்டனுக்கு அடிப்பதுபோல் சல்யூட் அடித்தார்கள். கடைசிப் படகு திரும்ப இருட்டிவிடும். மேலிடத்துக்கு எழுதி அனுமதி கேட்டேன், பதிலே வரவில்லை.

"வேலைய விட்ரவா அக்கா?" என்றார் அவர்.

"போயிட்டு வாங்க. கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

ஒருநாள் மாலை, மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்திருந்த அதிகாரி சோதனைக்கு வந்தார்.

"ஒரு ஆள் குறையுதே, எங்கம்மா?"

"ஃபெர்ரி வேலைக்குப் போயிருக்கார் சார்."

"ஆறு மணி ஆயிடுச்சே! இனிமே அவரை இங்க வெச்சுக்க முடியாது."

என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சரி சார். இப்பவே கூட்டிட்டு வந்துர்றேன். ஆனா நீங்க போற படகுக்குக் கயிறு அவுக்கிறதே அவர்தான். ராத்திரி நீங்க இங்கதான் தங்கணும்."

மூலையிலிருந்த வங்காளிப் பெரியவர் உடனே தன் பாயை நகர்த்தி இடம் காட்டினார். "ஜகா ஹை, சாப்!"

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அதிகாரி பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

படகு ஏறும் ஜெட்டிவரை அதிகாரியோடு கூடவே போனேன். மழையில் பலகை வழுக்கியது. எங்கள் கப்தான் கை நீட்டினார். யாரென்று புரிந்ததும் அதிகாரி ஒரு கணம் தயங்கினார். பிறகு கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

சில வாரங்களில் விதி மாறியது: வேலைக்குப் போகிறவர்கள் வேலை முடிந்ததும் திரும்பினால் போதும். அந்த வருஷமே எங்கள் கப்தான் ஜெட்டி அருகில் வீடு பிடித்தார். ஊரிலிருந்து அவர் மனைவி வந்திறங்கிய அன்று, விடுதியில் இருந்த அத்தனை பேரும் பெட்டி தூக்கப் போய்விட்டோம். இருந்ததோ ஒரே ஒரு தகரப் பெட்டி.