தொமாசா அடைத்த ஓட்டை

தொமாசா பூச்செடி வளர்த்து விற்கிறவள். தெற்கு டெக்சாஸ் வெயிலுக்கு வாடாத செடி அவளிடம்தான் கிடைக்கும். யார் மறுத்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் மகனின் ஞானஸ்நானத்தில் அவள்தான் ஞானத்தாயாக நின்றாள். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் ஸ்பானிஷில் கொமாத்ரே, பிள்ளைக்கு இன்னொரு தாய், என்றே கூப்பிடுவோம்.

தண்ணீர் வீணாவது அவளுக்குப் பொறுக்காது. கை கழுவிய தண்ணீரும் ரோஜாவுக்குத்தான் போகும்.

ஊர்க் குழாயிலிருந்து அவள் தோட்டத்துக்குப் பிரியும் இடத்தில் பித்தளைக் கருவி ஒன்று இருக்கிறது. தோட்டத்து உரத் தண்ணீர் பின்னால் திரும்பி ஊர்த் தண்ணீரில் கலக்காமல் அது தடுக்கும். உள்ளே இரண்டு கதவுகள். அவை சரியாக மூடாவிட்டால் அடியிலுள்ள ஓட்டை வழியே தண்ணீர் வெளியே கொட்டிவிடும். வருஷா வருஷம் அதைச் சோதித்தாக வேண்டும். இந்தத் தடவை நாள் தள்ளிப்போய்விட்டது. வெள்ளிக்கிழமைக்குள் தேறாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று தண்ணீர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அன்னையர் தின வியாபாரம் நெருங்கிய நேரம். தண்ணீர் நின்றால் அத்தனை செடியும் கருகிவிடும்.

வியாழக்கிழமை சோதிக்க வந்தவர் வெண்டல். குனிந்து பார்த்தவர் தொப்பியைக் கழற்றினார்.

"தொமாசாம்மா, இந்த ஓட்டையில கட்டைய அடிச்சது யாரு?"

"நான்தான். ஊரே மழையில்லாம காயுது. இது பாட்டுக்கு ஒழுகிக்கிட்டிருந்தா பாத்துக்கிட்டு இருக்கவா?"

"உள்ள கோளாறுன்னு அது கத்துதும்மா. நீங்க அது வாயில துணிய அடைச்சிருக்கீங்க!"

பக்கத்தில் நின்ற நான் குறுக்கே புகுந்தேன். "அடிப்பாவி, பக்கத்து வீட்டுல அதே தண்ணியத்தானடி நான் குடிக்கிறேன்! என்னையும் உன் செடின்னு நெனச்சியா?"

"உரத்தக் குடிச்சாவது கொஞ்சம் வளருவீங்க, கொமாத்ரே." தொமாசாவின் வாய்தான் சிரித்தது; கண் வெண்டலின் கையிலேயே இருந்தது.

வெண்டல் கட்டையைப் பிடுங்கினார். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. "இப்படியே விட்டா தேறாது," என்றார். தொமாசா கவிழ்த்து வைத்த தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் இரு பக்கமும் தண்ணீரை அடைத்து, கருவியின் மூடியைத் திறந்து, முதல் கதவை வெளியே எடுத்தார். அதன் ரப்பரில் சின்னக் கல் ஒன்று பதிந்திருந்தது. தெருவில் குழாயைத் தோண்டிச் சரிசெய்தபோது வந்ததாக இருக்கும். புது ரப்பர் போட்டு, அழுத்தமானியை மாட்டினார். முள்ளைப் பார்த்து எனக்கு என்ன தெரியும்? நான் வெண்டலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தேறிருச்சு," என்றார். "ரெண்டாவது கதவும் இறுக்கமாத்தான் இருக்கு. உரத் தண்ணி அதைத் தாண்டி வந்திருக்காது. பயப்படாம குடிங்க." முடிவை அங்கேயே போனில் அலுவலகத்துக்கு அனுப்பினார்.

தொமாசா சிலுவை போட்டுக்கொண்டு, ஓட்டைக்கு அடியில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

"இனிமே ஒழுகினா என்ன செய்வீங்க?" என்றார் வெண்டல்.

"வாளி வைப்பேன்."

"எனக்கு போன் பண்ணணும்மா!"

"வாளிய வச்சிட்டுப் பண்றேன்," என்று சொல்லி, அவள் செடிகளுக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்து போனாள்.